வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை: சிப்ஸ் பாக்கெட் முதல் விண்வெளி உடை வரை காற்றழுத்தம் புரிய ஒரு வழிகாட்டி

காற்றழுத்தத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் ஊட்டிக்குப் போகும் வழியில் சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்புகிறது, சூடாகப் போட்டு மூடிய எவர்சில்வர் டப்பா ஆறியதும் ஏன் திறக்க வருவதில்லை, விண்வெளியில் உடை கிழிந்தால் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் "வெற்றிடம் இழுக்குது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெற்றிடத்துக்கு இழுக்கத் தெரியாது, அதற்குக் கைகால் எதுவும் இல்லை. காற்று தள்ளும், அவ்வளவுதான். அழுத்தம் அதிகமாக உள்ள பக்கம் குறைவாக உள்ள பக்கத்தைத் தள்ளுகிறது. இதைக் கையால் தொட்டு உணர்ந்துவிட்டால் அடுப்படி, மலை, விமானம், விண்வெளி நிலையம் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. இயற்பியல் பின்னணி தேவையில்லை, மருந்துக் கடையில் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச் வாங்கினால் போதும்.

முதல் படி: நாலைந்து எண்களை மனத்தில் வையுங்கள்

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். இதைவிட எளிதாக நினைவில் நிற்பது: ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. உங்கள் உள்ளங்கை 100 சதுர செ.மீ. என்று வைத்தால் அதன்மேல் 100 கிலோ. கை நசுங்காததற்குக் காரணம், புறங்கையிலும் அதே அளவு காற்று எதிர்த்திசையில் தள்ளுகிறது, உடலுக்குள் இருக்கும் நீரும் திசுக்களும் அதே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் சமம் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

மேலே போகப் போக இது குறையும். 1643-இல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி பாதரசக் குழாயில் காற்றின் எடையைக் காட்டினார், 76 செ.மீ. உயரத்துக்குப் பாதரசம் நின்றது. 1648-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரன் பெரியே அதுபோன்ற குழாயைப் பிரான்சில் உள்ள புய் த டோம் மலைமேல் தூக்கிக்கொண்டு போனார். உச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. மலையேறினால் காற்று லேசாகிறது என்பதற்கு அதைவிட அழகான சோதனையை நான் இன்றுவரை படித்ததில்லை.

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், அங்கே அழுத்தம் கடல் மட்டத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். 5500 மீட்டரில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. விமானம் பறக்கும் 11 கி.மீ. உயரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் நடைமுறைக்கு ஒன்றுமே இல்லை.

உங்கள் போனில் பாரோமீட்டர் சென்சார் இருந்தால் (எல்லா போனிலும் இருக்காது) ஒரு இலவச செயலியைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறுங்கள். மாடிக்கு மாடி மூன்றில் ஒரு பங்கு ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு எண் குறைந்துகொண்டே வரும். பத்து மாடிக் கட்டடத்தில் நன்றாகவே தெரியும்.

இரண்டாம் படி: சிரிஞ்சோடு அரைமணி நேரம்

20 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள், 50 மில்லி கிடைத்தால் இன்னும் நல்லது. ஊசி வேண்டாம்.

முதலில் தண்டை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, முனையை விரலால் இறுக்கமாக அடைத்து, தண்டை வெளியே இழுங்கள். கனமாக இருக்கும். விட்டதும் படக்கென்று உள்ளே ஓடும். உள்ளே ஏதோ இழுப்பதாகத்தான் தோன்றும், ஆனால் உள்ளே அநேகமாக ஒன்றுமே இல்லை, இழுக்க யார் இருக்கிறார்கள்? தண்டின் பின்பக்கத்தை அறையில் இருக்கும் காற்று தள்ளுகிறது. குழாயின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 3 சதுர செ.மீ., ஆகவே ஏறத்தாழ 3 கிலோ எடை. இதே சிரிஞ்சை விண்வெளியில் ஒருவர் இழுத்தால், ரப்பரின் உரசலைத் தவிர எந்த எதிர்ப்பும் இருக்காது, விட்டால் திரும்பி ஓடவும் செய்யாது. பின்னாலிருந்து தள்ளக் காற்று கிடையாதே. இந்த ஒரு வித்தியாசத்தை யோசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள்.

அடுத்து, நீர்க் கொதிநிலை. கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரை, 60–70 டிகிரி இருக்கட்டும், சிரிஞ்சில் கால்வாசிக்கும் குறைவாக உறிஞ்சிக்கொண்டு, முனையை மேலே பார்க்க வைத்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிடுங்கள். முனையை ரப்பர் கையுறை போட்ட விரலால் அடைத்துத் தண்டை வேகமாக இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் பொங்கிக் கொதிக்கும். குழந்தைகள் கையில் சூடான நீரைக் கொடுக்காதீர்கள், பெரியவர் செய்ய அவர்கள் பார்க்கட்டும். ஆறிய தண்ணீரை வைத்தும் சில குமிழ்கள் வரும், அதைக் கொதிப்பு என்று எண்ண வேண்டாம். நீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது. சூடான நீரில் எழும் வேகமான பொங்கலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, பார்சலில் வரும் பபிள் ராப்பில் ஒரே ஒரு குமிழை வெட்டி சிரிஞ்சுக்குள் போட்டு இழுத்துப் பாருங்கள். குமிழ் உப்பி விறைக்கும். ஷேவிங் நுரை கொஞ்சம் வைத்தால் அதுவும் பெருகும். தண்டைத் தள்ளினால் சுருங்கும். மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட்டுக்கு நடப்பது இதுவேதான்.

மூன்றாம் படி: எந்தப் பொருளிடமும் மூன்று கேள்விகள்

பொருள் காற்றுப்புகாமல் மூடியிருக்கிறதா, இல்லை எங்காவது ஓட்டை உண்டா? மூடியிருந்தால், மூடிய நேரத்தில் உள்ளே என்ன அழுத்தம், இப்போது வெளியே என்ன அழுத்தம்? உள்ளே நீரோ ஈரமோ இருக்கிறதா?

திறந்த பொருளுக்கு அழுத்த மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாற்காலியையோ இரும்புச் சாவியையோ விண்வெளியில் விட்டால் அது வெடிக்காது, சுருங்காது. மூடிய பொருள்தான் உப்பும் அல்லது நசுங்கும். ஈரமான பொருளில் நீர் கொதிக்கும். பெரும்பாலான பொருள்களுக்கு இந்த மூன்றிலேயே விடை கிடைத்துவிடும், கணக்குகூடத் தேவையில்லை.

டயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் வழுக்கும் இடம் அது. பெட்ரோல் பங்கில் 32 பிஎஸ்ஐ என்று காட்டும் கருவி உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டுகிறது. டயருக்குள் உண்மையில் இருப்பது கிட்டத்தட்ட 47, அதில் 15 வெளிக்காற்றால் சமனாகிவிடுகிறது. அதே டயர் வெற்றிடத்துக்குப் போனால் கருவி 47 காட்டும். நல்ல டயர் அதைத் தாங்கும், வெடிக்காது. சாதாரண ரப்பர் பலூனோ தாங்காது.

நான்காம் படி: அடுப்படியில் பயிற்சி

சூடான சாம்பாரை டப்பாவில் ஊற்றி இறுக்க மூடுகிறோம். மூடும் நேரத்தில் மேலே இருக்கும் இடத்தில் நீராவி நிறைய, காற்று கொஞ்சம். ஆறும்போது ஆவி நீராகிவிடும், உள்ளே அழுத்தம் சரியும், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கும். 10 செ.மீ. விட்டமுள்ள மூடியில் உள்ளழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே 16 கிலோ எடை மேலே உட்கார்ந்த மாதிரி. இதை ஆள் பலத்தால் திறக்கப் பார்த்து விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். டப்பாவைச் சில நிமிடம் வெந்நீரில் வையுங்கள், உள்ளே அழுத்தம் ஏறும், மூடி இளகும். அல்லது விளிம்பில் கரண்டிக் காம்பை மெதுவாகக் கொடுத்துக் கொஞ்சம் காற்றை உள்ளே விடுங்கள், "உஸ்" என்று ஒரு சத்தம் வந்தால் வேலை முடிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து மூடிய உடனே மறுபடி திறக்க முயன்றால் கதவு பிடித்துக்கொள்வதும் இதே கதை, உள்ளே போன வெளிக்காற்று சட்டென்று குளிர்ந்துவிடுகிறது.

இப்போது குக்கர். நம் வீடுகளில் இருக்கும் காற்றழுத்தக் கருவிகளில் மிக நல்ல ஆசிரியர் இதுதான் என்பேன். மேலே வைக்கும் வெயிட், உள்ளே வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்கு சுமார் ஒரு கிலோ கூடுதலாக ஏறும்வரை ஆவியைத் தடுத்து வைக்கிறது. மொத்த அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால்தான் கொண்டைக்கடலை சீக்கிரம் வேகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள மூடிக்கு அடியில் அந்தக் கூடுதல் அழுத்தம் 300 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. ஆவி அடங்காமல் மூடியைத் திறக்காதே என்று அம்மாக்கள் கத்துவது ஏன் என்று இந்த எண்ணைப் பார்த்தால் புரியும். உள்மூடி வைத்த குக்கர்களில் அந்த விசையே மூடியை விளிம்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே வராது. முழுக்க ஆறிய பிறகும் மூடி வரவில்லை என்றால் உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள், வெயிட்டை ஒருமுறை தூக்குங்கள், காற்று உள்ளே போனதும் கழன்றுவிடும்.

காலி அலுமினிய கேனில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஆவி நன்றாக வந்ததும் இடுக்கியால் பிடித்துக் குளிர்ந்த நீரில் தலைகீழாகக் கவிழ்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் நசுங்கும். பார்த்தே ஆக வேண்டிய காட்சி. கேனின் வாய் திறந்தே இருக்க வேண்டும், மூடிய கேனை ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: மலைக்கும் விமானத்துக்கும் எடுத்துப்போங்கள்

ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டி வைத்தால் வேகமாக வேகும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் இழுக்கும், ஆகவே குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வெயிட் சேர்ப்பது வெளிக்காற்றின் மேல்தான், வெளிக்காற்றே குறைவு என்பதால் உள்ளே 120-க்குப் பதில் 116 டிகிரி வாக்கில்தான் கிடைக்கும். ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். லே நகரில், சுமார் 3500 மீட்டரில், நீர் 88 டிகிரியில் கொதிக்கிறது. அங்கே குக்கர் இல்லாமல் கடலை வேக வைக்கப் பொறுமை நிறைய வேண்டும்.

அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் உப்பியிருப்பதால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அடிவாரத்தில் மூடிக் கொண்டுவந்த ஷாம்பு, கிரீம் டப்பாக்களை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக, துணிகளிலிருந்து தள்ளித் திறங்கள்.

விமானத்துக்குள் அழுத்தத்தைக் கடல் மட்ட அளவில் வைப்பதில்லை. வழக்கமாக 2400 மீட்டர் உயரத்துக்கு ஈடான அளவுக்கு இறங்கவிடுகிறார்கள், அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. பாக்கெட் உப்புவது, மைப் பேனா கசிவது, காது அடைப்பது மூன்றும் அதனால்தான். பேனாவை முழுக்க நிரப்பி அல்லது காலியாக, முனை மேலே பார்க்க வையுங்கள், மைக்கூட்டில் காற்று குறைவாக இருந்தால் தள்ளும் வலுவும் குறைவு. இறங்கும்போது எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், காதுவலி விளையாட்டில்லை. குடித்து முடித்த பாட்டிலை வானத்தில் இறுக்க மூடி வைத்துக்கொண்டால் தரையிறங்கியதும் நசுங்கியிருக்கும், குழந்தைகளுக்குக் காட்ட நல்லது. யாராவது நடுவானில் கதவைத் திறந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு: உள்ளும் வெளியும் உள்ள வேறுபாடு அந்தக் கதவின் மேல் 9 டன்னுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது. முதலில் உள்பக்கம் நகர்ந்தால்தான் திறக்கும்படி அமைத்த கதவை அந்த விசைக்கு எதிராக எந்த மனிதனாலும் அசைக்க முடியாது. உள்மூடி குக்கரின் அதே தத்துவம்.

ஆறாம் படி: விண்வெளி நிலையத்தின் உள்ளே

இங்கேதான் அதிகம் பேர் இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் காற்றழுத்தம் நம் சென்னைக் கடற்கரையில் இருப்பதைப் போலவே 1013 ஹெக்டோபாஸ்கல் அளவில் பராமரிக்கப்படுகிறது, நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த காற்றுதான். ஆகவே அங்கே சிப்ஸ் பாக்கெட் உப்பாது, ஸ்ட்ரா வேலை செய்யும், சுவரில் ஒட்டும் சக்‌ஷன் ஹூக்கும் ஒட்டும். தண்ணீர் உருண்டையாக மிதப்பதும், மெழுகுவர்த்திச் சுடர் கோளமாக நிற்பதும் எடையின்மையால் வருபவை, அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேனா விஷயமும் அப்படியே. அழுத்தி அடைத்த நைட்ரஜனால் மையைத் தள்ளும் விண்வெளிப் பேனா 1968-இல் அப்பல்லோ 7-இல் பறந்தது உண்மை, ஆனால் 2003-இல் ஸ்பெயின் வீரர் பெத்ரோ துகே சாதாரண பால்பாயின்ட் பேனாவிலேயே அங்கே எழுதினார், அது நன்றாக எழுதியது. குக்கரைக் கொண்டுபோனால் மட்டும் விபரீதம்: அழுத்தம் சரியாக இருந்தும் வெயிட்டுக்கு எடை இல்லை, ஆவியை அதனால் தடுத்து வைக்க முடியாது.

ஏழாம் படி: கதவுக்கு வெளியே

மூன்று கேள்விகளையும் இப்போது கடுமையாகக் கேளுங்கள், வெளியே அழுத்தம் பூஜ்யம். சிப்ஸ் பாக்கெட் கிழியும். பலூன் வெடிக்கும். சக்‌ஷன் ஹூக் தானாகக் கழன்று மிதக்கும், சுவரோடு அதை அழுத்தக் காற்று இல்லை. ஸ்ட்ராவால் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி ஏறாது. திறந்து வைத்த தண்ணீர் ஒரே நேரத்தில் கொதித்தும் உறைந்தும் போகும்: ஆவியாகும் பகுதி மிச்சத்தின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போவதால் மிச்சம் பனிக்கட்டியாகிவிடுகிறது.

மனித உடலைப் பற்றிச் சினிமாக்கள் சொல்வது மிகை. உடல் வெடிக்காது, தோல் வலுவானது, இரத்தம் குழாய்களுக்குள் அழுத்தத்தில் இருப்பதால் உடனே கொதித்துவிடாது. ஆனால் வாய், கண் ஈரம் கொதிக்கும். சுமார் 19 கி.மீ. உயரத்துக்கு மேலேயே 37 டிகிரியில் நீர் கொதிக்கும் அளவுக்கு அழுத்தம் சரிந்துவிடுகிறது. 1966-இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் அணிந்திருந்த உடையின் குழாய் கழன்றது. 14 விநாடிகளில் மயங்கினார், கடைசியாக அவர் உணர்ந்தது நாக்கில் உமிழ்நீர் குமிழியிட்டது. உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். 1971-இல் சோவியத் விண்கலமான சோயுஸ் 11 திரும்பி வரும்போது 168 கி.மீ. உயரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது, விண்வெளி உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் இறந்தார்கள். மனிதர்கள் விண்வெளியிலேயே இறந்த ஒரே விபத்து அது. அதன் பிறகு சோயுஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை கட்டாயமானது.

உடை என்பதே மனித வடிவில் ஒரு மூடிய பை. உள்ளே கடல் மட்ட அழுத்தம் வைத்தால் விறைத்து நிற்கும், விரலை மடக்க முடியாது. 1965 மார்ச் 18 அன்று முதன்முதலில் விண்ணில் நடந்த சோவியத் வீரர் அலெக்சி லியோனவின் உடை உப்பி விறைத்து, திரும்பிக் கலத்துக்குள் நுழையவே முடியாத நிலை. வால்வைத் திறந்து உடையின் அழுத்தத்தைக் குறைத்துத்தான் உள்ளே வந்தார். இன்றைய அமெரிக்க உடைகளில் 4.3 பிஎஸ்ஐ அளவுதான், கடல் மட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, ஆனால் சுத்த ஆக்சிஜன் என்பதால் மூச்சுக்குப் போதும். சட்டென்று அந்த அழுத்தத்துக்கு இறங்கினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழாகக் கிளம்பும். அதனால் வெளியே போகும் முன் வெகுநேரம் ஆக்சிஜனை மட்டும் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள்.

நிலையத்தில் ஓட்டை விழுந்தால் எல்லோரையும் வெளியே உறிஞ்சிவிடும் என்ற பயத்துக்கு 2018 ஆகஸ்ட்டில் நேரடியாக விடை கிடைத்தது. இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கணக்கைப் போடுங்கள்: 2 மி.மீ. ஓட்டையின் பரப்பு 0.03 சதுர செ.மீ., அதை அடைக்கும் விரல்மேல் விழும் விசை 32 கிராம் எடை அளவு. எபாக்சி பசையும் துணியும் வைத்து அடைத்தார்கள். அதே அழுத்தம் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கதவின் மேல் 8 டன். அழுத்தம் ஒன்றுதான், பரப்பு மாறினால் விளைவு தலைகீழ்.

ராக்கெட்டுக்கும் இந்தக் கவலை உண்டு. மேல்கட்ட எஞ்சின் வெற்றிடத்தில் பற்ற வேண்டும், தரையில் பற்றுவது அதற்கு ஆதாரமாகாது. அதனால் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் காற்றை வெளியேற்றிய சூழலில் சிஇ-20 என்ற மேல்கட்ட எஞ்சினைப் பற்றவைத்துச் சோதிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி, செவ்வாய். அங்கே அழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே, ஏறத்தாழ 6 ஹெக்டோபாஸ்கல். முதல் இரண்டு கேள்விகள்: மூடிய சிப்ஸ் பாக்கெட் அங்கேயும் தாங்காது, வெளியே இருப்பதைக் காற்று என்று சொல்வதே அதிகம். மூன்றாவது: ஒரு தம்ளர் தண்ணீர் சில டிகிரி சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும், உடை இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் அந்த மெல்லிய காற்றிலேயே 2021 ஏப்ரல் 19 அன்று நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் பறந்தது. 1.2 மீட்டர் நீள இறக்கைகளை நிமிடத்துக்கு 2400 சுற்று அளவில் சுழற்ற வேண்டியிருந்தது.